மட்டுறுத்தலுக்குக் காத்திருக்கும் பரிமளா

கண்ணைத் திறக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டு நகர்ந்த பிறகுதான் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. ஒரே ஒரு தரம், குட்டையாக. யாராவது கூப்பிட்டால் நீளமாக அதிரும், மகள் செய்தி அனுப்பினால் இரண்டு தரம் அதிரும், இது பின்னூட்டம். மங்கையர்க்கரசிக்கு இந்த வித்தியாசமெல்லாம் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது, தூக்கத்தில் கூடச் சொல்லிவிடுவாள். யாரோ எங்கேயோ உட்கார்ந்து நாற்சந்தி தளத்தில் எதையோ எழுதியிருக்கிறார்கள், அது வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விடுவதா விரட்டுவதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். மட்டுறுத்துநர் என்று அதற்கு ஒரு பெயர். வீட்டுக்காரர் கதிரேசன் அதைக் கேட்ட நாளிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிக்கட்டும், ஆயிரம் பேர் எழுதுகிற, இன்னும் பல ஆயிரம் பேர் படிக்கிற ஒரு திரட்டிக்கு வாசல்காவல் காப்பது அவருக்கு எங்கே விளங்கப்போகிறது. எந்தப் பதிவர் எந்த வலைப்பூவில் எழுதினாலும் அது நாற்சந்தியின் முகப்பில் வந்து விழும், கீழே சண்டை தொடங்கும், சண்டையில் எது பேச்சு எது சாக்கடை என்று பிரிப்பது அவள் வேலை. சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். சொட்டு மருந்து கண்ணுக்குள் எரிந்தது, மிளகாய் நறுக்கிய கையால் தேய்த்துக்கொண்ட மாதிரி. கண்பாப்பா விரிய அரை மணியாவது ஆகும் என்றார்கள். இமைக்குள் இருட்டு இல்லை, ஒரு மங்கின சிவப்பு, அதற்குள் ஏதோ நகர்ந்தது. மருந்து விடுவதற்கு முன் அந்தக் கூடத்தை ஒரு பார்வை பார்த்திருந்தாள், அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்: சுவரோரம் நீளமாக நாற்காலிகள், அத்தனையிலும் ஆட்கள், அத்தனை பேரும் முகத்தை அண்ணாந்து கண்ணை மூடியபடி, ஒருவரும் பேசாமல். இப்போது அந்த வரிசையில் தானும் ஒருத்தி என்று நினைத்ததும் தோள்பட்டையில் குளிர்ந்தது. ஏசி அவ்வளவு ஜில்லென்று வைத்திருந்தார்கள்.

பரிமளாவாக இருக்கக் கூடாது. வேறு யாராவது, எவனாவது ஒரு பெயர் போடாத அனானி, சாதியைச் சொல்லித் திட்டுகிறவன், ஒரு நொடியில் தூக்கியெறிந்துவிடக்கூடியவன், அப்படி ஒருத்தனாக இருக்கட்டும். பரிமளாவாக இருந்தால் இன்றைக்கு அந்தப் பின்னூட்டத்தைப் பார்க்க இன்னொரு மட்டுறுத்துநர் கிடையாது. சிங்கப்பூர் வஹாப் அண்ணன் விமானத்தில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை விழாவுக்காகத் திருச்சிக்கு வந்துகொண்டிருக்கிறார். இத்தனை நாளும் அவள் பெயரில் வந்ததை எல்லாம் அவர்தான் நீக்கிக்கொண்டிருந்தார், அரசி நீ இதைப் பார்த்து மனசைக் கெடுத்துக்காதே என்று. மனசு கெட்டது எப்போதோ. தூத்துக்குடிப் பக்கம் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து ‘அடுக்களை ஜன்னல்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள் பரிமளா. புருஷன் போன பிறகு எழுத வந்தவள். மீன் கழுவுவதைப் பற்றி எழுதுவாள், படித்து முடித்ததும் இன்னொரு தரம் முதலிலிருந்து படிக்கத் தோன்றும். அரசி நான்கு நாள் யோசித்து அடித்துத் திருத்தி ஒரு கட்டுரை போட்டால் பத்துப்பேர் நன்று என்பார்கள், பரிமளா குழம்பு தீய்ந்துபோனதை எழுதினால் ஊரே திரளும். பொறாமையா என்றால் பொறாமைதான், அதை வேறு பெயரில் சொல்வானேன். அப்புறம் போலி வந்தான். அதே பெயர், அதே ஜன்னல் படம், பார்த்தால் அவளேதான். ஆனால் போகிற இடமெல்லாம் அசிங்கமாக எழுதிவிட்டு வருவான். யார் அசல் யார் போலி என்று பார்க்கப் பதிவர்களுக்குள் ஒரு வழி இருந்தது, எலிக்குட்டிச் சோதனை என்று செல்லமாகச் சொல்வார்கள்: கணினியின் சுட்டியைக் கொண்டுபோய்ப் பெயர் மேல் வைத்தால் திரைக்கு அடியில் கணக்கு எண் தெரியும், அந்த எண்தான் ஆள். முகம் பொய், பெயர் பொய், எண் மட்டும் மெய். ஆனால் படிக்கிறவர்கள் அத்தனை பேரும் எலிக்குட்டியைப் பிடித்துக்கொண்டு திரிவார்களா. அதனால் பரிமளா என்ற பெயரில் எது வந்தாலும் முதலில் நிறுத்திவை என்று நாற்சந்தியில் முடிவு செய்தார்கள். அசலும் போலியும் சேர்ந்து ஒரே வாசலில் நின்றார்கள். என் பெயரில் நான் பேச உங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா அக்கா என்று ஒருநாள் அவள் கொதித்து எழுதினாள், அதில் இரண்டு வசவு இருந்தது, வசவு இருந்ததால் இது போலி என்று அரசியே நீக்கினாள். அதே நாளில் போலி பணிவாக, நைச்சியமாக, அக்காவின் சிரமம் எனக்குப் புரிகிறது என்று எழுதியிருந்தான், அதை வெளியிட்டாள். எண்ணைப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தாளா இல்லையா என்பது இப்போது நினைவில்லை. பரிமளா அந்த வாரமே வலைப்பூவை மூடி, கணக்கையும் அழித்துவிட்டுப் போனாள்.

போனவள் போனவளாகவே இருந்திருக்கலாம். கொஞ்ச நாளில் மடல் வந்தது, நான் பரிமளாவின் தம்பி, அக்கா நேற்று மாலை காலமானார், கடைசிவரை உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். உங்களைப் பற்றித்தான் என்ற இடத்தில் அரசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் அந்த அஞ்சலியை எழுதினாள், ஒரே மூச்சில், ஒரு வார்த்தை கூடத் திருத்தாமல். வாழ்நாளில் அவள் அப்படி ஒன்றை எழுதியதே இல்லை. முகப்பில் போட்டார்கள். ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று கீழே கொட்டிக்கொண்டே இருந்தது. பரிமளாவை வாய்க்கு வந்தபடி ஏசியவர்கள் கூட வந்து கண் கலங்கினார்கள், நாற்சந்தியில் சண்டையே இல்லாமல் ஒரு வாரம் போனது. அரசி எழுத்து என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிகிறது என்று ஒருவர் எழுதினார். அதை அவள் எத்தனை தரம் திறந்து பார்த்தாள் என்று கேட்கக் கூடாது. பிறகு பரிமளாவின் பதிவுகளைத் தொகுத்து மின்னூல், அதற்கு அரசியின் முன்னுரை, பிறகு பரிமளா நினைவுப் பரிசு, கல்யாண மண்டபத்தில் விழா, அழைப்பிதழில் கறுப்புக் கட்டத்துக்குள் பரிமளாவின் படம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அஞ்சலிக்குக் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. நான் சாகவில்லை. பெயர் பரிமளா. வஹாப் அண்ணன் எலிக்குட்டியை வைத்துப் பார்த்தார், எண் புதிது. பழைய எண்தான் அழிந்துவிட்டதே, செத்தவள் புது எண் வாங்கியா வருவாள், போலிதான், செத்தவளையும் விட மாட்டேன் என்கிறான் பார் என்று நீக்கினார். உயிரோடு இருக்கிறவள் கணக்கை அழித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் எண் புதிதாகத்தான் இருக்கும் என்று அரசிக்கு உடனே தோன்றியது. தோன்றியது, ஆனால் அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. இந்த இடத்தில் வந்து ஒவ்வொரு தடவையும் நினைப்பு முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விடும். கதிரேசனிடம் ஒருநாள் பாதி சொன்னாள். “செத்தவங்க கூட உங்க சைட்டுல வந்து சண்டை போடுறாங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் குளிக்கப் போனார்.

போன் மறுபடி அதிர்ந்தது. ஒரு தரம். முடிவு சொல்லாவிட்டால் நினைவூட்டும், அப்படித்தான் அதை வைத்திருந்தார்கள். அவள் கள்ளத்தனமாக ஒரு கண்ணைத் திறந்து போனை முகத்தருகே கொண்டுவந்தாள். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. திரையில் வெள்ளையாக ஒரு கட்டம், அதற்குள் ஈரத்தில் கரைந்த கோலம் மாதிரி எழுத்துகள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ நின்றது, ப மாதிரியும் இருந்தது, வ மாதிரியும் இருந்தது. “மேடம், கண்ண மூடுங்க, நடுவுல தொறந்தா மறுபடி முதல்லேருந்து விடணும்” என்று நர்ஸின் குரல் எங்கிருந்தோ வந்தது, அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. மூடிக்கொண்டாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். எதிர்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள், எதைப் பார்த்துச் சிரிக்க முடியும், எல்லோர் கண்ணும் மூடியிருக்கிறது. போலி இங்கே கூட உட்கார்ந்திருக்கலாம். போலிக்கும் கண் இருக்கும், கண்ணில் புரை இருக்கும், ஆஸ்பத்திரிக்கு வருவான், டோக்கன் வாங்குவான். அவனை யாரும் பார்த்ததில்லை, பார்த்தவர் யாருக்கும் அவன் என்று தெரிந்ததில்லை. வீட்டில் நல்ல மனுஷனாக இருப்பான், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவான், பிறகு உட்கார்ந்து இன்னொருத்தியின் குரலில் எழுதுவான். எவ்வளவு நன்றாக எழுதினான். கடைசி நாட்களில் அவன் எழுதிய பரிமளா, பரிமளாவை விடப் பரிமளாவாக இருந்தாள். தம்பியின் மடலும் அப்படித்தான், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல், அரசிக்கு எங்கே தொட்டால் நீர் வரும் என்று தெரிந்தவன் எழுதியது. அப்படித் தெரிந்தவர்கள் யார். இந்தச் சாவால் லாபம் யாருக்கு. இந்தக் கேள்வியை ஒருநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கொண்டாள், கேட்டதும் கை நின்றுவிட்டது. எழுந்துபோய்க் கணினியைத் திறந்து, தன்னிடமிருந்து போன மடல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடினாள், தம்பி என்று கையெழுத்துப் போட்ட மடல் அங்கே இருக்கிறதா என்று. இல்லை. இல்லை என்றதும் வந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் அவளைப் பயமுறுத்தியது, ஏனென்றால் அப்படி ஒன்றை எழுதியிருக்கக் கூடியவள் தானும்தான் என்று அந்த நிம்மதிக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் தரம் அதிர்ந்தபோது அவளால் உட்கார முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள், மாமனாருக்குத் துணையாக வந்தவள், மருந்து விடாதவள். முகம் தெரியாது, கொஞ்ச நேரத்துக்கு முன் மாமனாரை அதட்டிய குரலும், தலையில் வைத்திருந்த கதம்பத்தின் வாசனையும்தான் தெரியும். அரசி போனை அந்தப் பக்கமாக நீட்டினாள். “ஏங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல என்ன வந்துருக்குன்னு படிச்சுச் சொல்லுறீங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியல.”

“அதுக்கென்னங்க, குடுங்க” என்று வாங்கினாள் அவள். வகுப்பில் எழுந்து நின்று படிக்கிற பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள். “அரசி அக்கா, நான் பரிமளா. நான் சாகவில்லை. உயிரோடுதான் இருக்கிறேன். எத்தனையோ முறை எழுதிவிட்டேன், ஒன்றைக் கூட நீங்கள் வெளியிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் படத்துக்கு மாலை போடப்போகிறீர்களாம். என் மகள் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு அழுகிறாள். அதற்குள் ஒரு தடவை என்னோடு பேசுங்கள். இதுதான் என் நம்பர்.” குரல் நின்றது. இத்தனை நாளும் எழுத்தாகவே இருந்த ஒன்று யாரோ ஒருத்தியின் வாயிலிருந்து சத்தமாக வெளியே வந்து, கண்மூடி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது. கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. “என்னங்க இது?” என்றாள் பக்கத்துப் பெண், குரலைத் தாழ்த்தி.

“அது போலிங்க. செத்துப்போன ஒருத்தவங்க பேர்ல யாரோ வெளையாடுறாங்க. அடிக்கடி வரும்.”

“வெளையாடுறவங்க நம்பரா குடுப்பாங்க? போட்டுத் தரவா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் அரசி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ம் என்றாள். போன் கைக்கு வந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள், அப்படி வேண்டுவது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டாள். எடுத்தார்கள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், குழாயில் தண்ணீர். “அலோ” என்றது ஒரு தடித்த குரல். பரிமளாவின் குரலை அவள் கேட்டதே இல்லை, இத்தனை வருஷமும் படித்ததுதான். படித்துப் படித்து மனசுக்குள் ஒரு மெல்லிய குரலை அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தாள், அஞ்சலி எழுதும்போது அந்தக் குரல்தான் கூடவே அழுதது. இது அது இல்லை. “நான் அரசி பேசுறேன், நாற்சந்திலேருந்து.” தண்ணீர் நின்றது. “அக்கா, நாந்தான் பரிமளா பேசுதேன். கடைசியில கூப்பிட்டுட்டீங்களேக்கா.” அழுகிறாளா மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை. அரசி தன் குரலை மட்டுறுத்துநரின் குரலாக்கிக்கொண்டாள். “நீங்கதான் பரிமளான்னு நான் எப்படி நம்புறது? உங்க மாமியார் சாகறப்ப கடைசியா என்ன கேட்டாங்க?” யோசிக்கவே இல்லை, “பனங்கெழங்கு” என்று வந்தது. “அது பதிவுல இருக்கு, யாரு வேணா சொல்லலாம்.” “எல்லாந்தான் பதிவுல இருக்குக்கா. எழுதாம என்னத்த வச்சிருக்கேன் நான், அதச் சொல்லி நிரூபிக்கதுக்கு?” அரசி பேச்சை மாற்றினாள். “உங்க தம்பிதான் எனக்கு மடல் எழுதினார், நீங்க தவறிட்டீங்கன்னு” என்றாள், குற்றச்சாட்டு மாதிரி. “எனக்குத் தம்பியே கெடையாதேக்கா. நான் ஒத்தப் பிள்ளைன்னு ஒரு பதிவு எழுதினேன், நீங்க கூட வந்து எழுதிருந்தீங்க, நானும் அப்படித்தான்னு.”

எழுதியிருந்தாள். அந்தப் பதிவின் படம், மணலில் ஒற்றைச் செருப்பு, இமைக்குள் இருந்த சிவப்பில் அப்படியே எழுந்து நின்றது. நானும் ஒற்றைப் பிள்ளைதான் பரிமளா, வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் வளர்ந்தவள். இதை எழுதிய கைதான் தம்பியின் மடலைத் திறந்தது. மடலைப் படித்த அந்த நிமிஷத்தில் தம்பி என்ற சொல் ஒரு கணம் உறுத்தியதே, உறுத்தியது, இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. உறுத்தியதை ஒதுக்கிவிட்டுத்தான் அழத் தொடங்கினாள். அவ்வளவு அழகான அழுகை. இந்தக் குரல் போலியின் குரலாகவே இருந்தாலும் சரி, தம்பி இல்லாதவளுக்குத் தம்பி எழுதிய சாவு சாவு இல்லை. “அக்கா, நீங்க எழுதினதப் படிச்சேன்” என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தது. “நல்லா எழுதிருந்தீங்க. இருக்கும்போது ஒருத்தரும் எனக்கு அப்படி எழுதலையேன்னு அழுதுட்டேன். நான் யார் மேலயும் கோவமா இல்ல. ஒரே ஒரு பின்னூட்டம் விடுங்க. நான் இருக்கேன்னு ஒத்த வரி. பொறவு நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்.” ஒற்றை வரி. அந்த ஒற்றை வரி உள்ளே போனால் அதற்கு மேலே இருக்கிற அத்தனை இரங்கலும் என்ன ஆகும், முன்னுரை என்ன ஆகும், விமானத்தில் வந்துகொண்டிருக்கிற வஹாப் அண்ணனின் முகத்தை எப்படிப் பார்ப்பது, உயிரோடு இருந்தவளைக் கொன்று அதில் பெயர் வாங்கியவள் என்று நாற்சந்தியில் எழுதுவார்கள், காலத்துக்கும் எழுதுவார்கள், அவர்கள் எழுதுவதை அவளே உட்கார்ந்து மட்டுறுத்த வேண்டியிருக்கும். பரிமளா செத்தே போயிருக்கலாம் என்று தோன்றியது. தெளிவாக, சொல் சொல்லாகத் தோன்றியது. “பாக்குறேம்மா” என்றாள் அரசி. அரசு அலுவலகங்களில் மனுவோடு வருகிறவர்களிடம் சொல்வார்களே, அதே பாக்குறேன். “பாருங்கக்கா” என்றது குரல், அதை நம்பி. தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது, பிறகு இணைப்பு அறுந்தது.

பக்கத்துப் பெண் போனைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள். “உசுரோடதான் இருக்காங்களா? எனக்கே மனசு என்னமோ பண்ணிருச்சு. இதுல ரெண்டு இருக்குங்க, இடது பக்கம் வெளியிடு, வலது பக்கம் நீக்கு. வெளியிடுவ அழுத்திரவா?”

“இல்லங்க. நீக்குங்க.”

கதம்பத்தின் வாசனை நகர்ந்து விலகியது போல இருந்தது. “இருக்கேன்னு சொல்றாங்க. அதைப் போயி அழிக்கச் சொல்றீங்க” என்றாள் அந்தப் பெண். “நீங்களே அழுத்திக்குங்க. எனக்கு வேணாம்.” போன் அரசியின் உள்ளங்கையில் திரும்ப வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தாள். கூடம் முழுக்கப் பால் ஊற்றினது போல வெளிச்சம், அதில் அண்ணாந்த முகங்கள், கண்ணும் மூக்கும் இல்லாமல் வெறும் வெளிறலாக, வரிசையாக. திரையில் வெள்ளைக் கட்டம். கண் தெரியவில்லை, மருந்து விட்டிருந்தார்கள், கை எங்கேயோ பட்டுவிட்டது என்று சொல்லலாம், கேட்கிறவர்கள் நம்புவார்கள், அவளே கூடக் கொஞ்ச நாளில் நம்பிவிடுவாள். ஆனால் இத்தனை வருஷமாக அதே இரண்டு கட்டத்தை அழுத்திப் பழகிய கட்டைவிரல் அது. எது இடது எது வலது என்று அதற்குக் கண் தேவைப்படவில்லை. அது வலப்பக்கம் போய் நின்றது, நின்று, அழுத்தியது.

“மங்கையர்க்கரசி யாருங்க?” என்று உள்ளறைக் கதவிலிருந்து நர்ஸ் கேட்டாள்.

“நான்தான்” என்றாள். நர்ஸ் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் வந்து, கையைப் பிடித்து அவளை உள்ளே கூட்டிப் போனாள்.